கல்லீரற் பிணியுடையாரும் மகப்பேறும்

மக்கள் யாக்கையின் வலப்புறத்தே, விலாவென்பின் மறைவில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். உண்ட உணவின் சாரத்தைப் பக்குவப்படுத்துதல், பித்தநீர் சுரத்தல், இரத்தம் உறைதற்கு வேண்டும் பொருள்களை ஆக்குதல், நஞ்சை முறித்தல் என அஃது இயற்றுந் தொழில்கள் பலவாம். இவ்வுறுப்பிற்குக் கேடு நேர்ந்தது என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவன இரண்டே: ஒன்று குடி, மற்றொன்று தொற்றிப் பரவும் மஞ்சட் காமாலை. மதுவைத் தொட்டும் அறியாத, தொற்றுநோய் யாதும் பற்றாத இளம்பெண் ஒருத்திக்கு ஈரல் கெடுமென்றாற் பலர் நம்பார். ஆயினும் அத்தகைய நோய் உண்டு. அந்நோயுடையாள் கருவுறலாமோ, கருவுற்றால் அவளையும் மகவையும் காக்குமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். மருத்துவம் பயில்வார்க்கென்று யான் இதனை எழுதவில்லை. அவர்க்கு வேறு நூல்கள் உள. இல்லறம் புகவிருக்கும் மாணாக்கியரும், அவரைப் பேணவிருக்கும் உறவினரும் அறியற்பாலன சில இதன்கண் உண்மையின் எழுதலானேன்.

நம் குருதியில் உலவும் வெள்ளணுக்கள் வெளியினின்று புகும் கிருமிகளை இனங்கண்டு அழிக்குங் காவற்படை போல்வன. தன்னுடையது எது, அயலானது எது எனப் பகுத்துணரும் ஆற்றல் அவற்றிற்கு இயல்பாகவே உண்டு. சிலரிடத்து அப்பகுத்தறிவு பிறழ்ந்துவிடுகின்றது. அப்பொழுது காவலரே இல்லத்தைக் கொள்ளையிடத் தொடங்குவர். இதனைத் தன்னெதிர்ப்பு நோய் என்பர். மூட்டைத் தாக்கின் ஒருவகை வாதமாகவும், கழுத்துச் சுரப்பியைத் தாக்கின் தைராயிடு நோயாகவும் வெளிப்படுவது, ஈரலைத் தாக்குங்கால் மூவகைப்படும். ஈரலணுக்களையே தாக்குவது தன்னெதிர்ப்பு ஈரலழற்சி. ஈரலினுள் ஓடும் நுண்ணிய பித்தக் குழல்களைச் சிதைப்பது மற்றொன்று. முன்னர் ‘ஈரற் சுருக்கம்’ என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்கிய இந்நோய்க்கு, சுருக்கம் எய்தாதாரையும் அச்சொல் அச்சுறுத்துகின்றதென்று 2015-ஆம் ஆண்டளவிற் ‘பித்தக்குழலழற்சி’ எனப் பொருள்படும்படி பெயர் மாற்றினர். பெரிய பித்தக் குழாய்களைத் தழும்பாக்கி இறுக்குவது மூன்றாவது. மூன்றாவது ஆடவரிடத்தே மிகுதி. முன்னைய இரண்டும் பெண்பாலாரையே பெரிதும் பற்றுவன. அவற்றுள்ளும் குழலழற்சி நடுவயதிற்கு மேற் காணப்படுவது பெரும்பான்மை. ஆதலின் மகப்பேற்றுப் பருவத்தாளிடம் நாம் முதன்மையாக எண்ண வேண்டுவது ஈரலழற்சியையே. இக்கட்டுரையும் அதனையே பெரிதும் பற்றிச் செல்லும்.

இந்நோயின் வரலாறு நெடியதன்று. 1950-ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம் என்பார், இளம்பெண்களிடத்து நெடுநாள் நீடிக்கும் ஈரலழற்சியொன்றை விளக்கியுரைத்தார். அவர்தம் குருதியில் ஒருவகைப் புரதம் மிகுந்திருந்தது. மாதவிலக்கும் பலர்க்கு நின்றிருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து மெக்கே என்பார் 1956-இல் இதனைப் பின்னும் ஆராய்ந்தார். 1965-இல் ‘தன்னெதிர்ப்பு ஈரலழற்சி’ என்னும் பெயரும் அவராலேயே வழக்கிற்கு வந்தது. அந்நாளில் இந்நோயுற்றாருட் பலர் சில ஆண்டுகட்குள் மாய்ந்தனர். மாதவிலக்கு நின்றாள் கருவுறுவதும் அரிது. கருவுறினும் மருத்துவர் அஞ்சினர். ‘உனக்கு மக்கட்பேறு வேண்டா’ என்று கூறிவிடுவதே அவர் வழக்கமாயிற்று. 1971-இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலும், 1972-இல் அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவமனையிலும் வெளிவந்த ஆராய்ச்சிகள், பிரெட்னிசோலோன் என்னும் மருந்து இந்நோயரை உயிர்வாழச் செய்கின்றது என்பதை ஐயமற நாட்டின. அசத்தையோப்ரின் என்னும் மருந்தும் அதனோடு துணை சேர்ந்தது. நோய் அடங்கியபின் நின்ற மாதவிலக்கு மீண்டது, பெண்கள் கருவுற்றனர். ‘வேண்டா’ என்னும் பழைய விடை இவ்வாறு பொருந்தாதாயிற்று. எனினும் அவ்விடை நம் ஊர்களிற் சிலர் வாயினின்று இன்னும் அகன்றபாடில்லை. இந்நோயுண்மையை மறைத்து மணம் முடிப்பதும், அறிந்தபின் பெண்ணைத் தள்ளிவைப்பதும் ஆகிய இருவகைத் துன்பங்கட்கும் அப்பழைய விடையே வித்து என்பது என் கருத்து.

நிற்க. கருவுறுதலுக்கும் இந்நோய்க்கும் உள்ள இயைபு வியக்கற்பாலது. தாயின் வயிற்றில் வளரும் சிசு பாதி தந்தையின் கூறுடையது. ஆதலின் தாயின் காவற்படைக்கு அஃது அயற்பொருளேயாம். அதனை அப்படை ஏன் அழிப்பதில்லை என்னும் வினாவை 1953-இல் ஆங்கில அறிஞர் பீட்டர் மெடவார் எழுப்பினார். இதற்கு விடை முற்றும் கிடைத்ததென்று கூறலாகாது. எனினும் காவற்படையுள்ளேயே அதனை அடக்கியாளும் ஒருவகை அணுக்கள் உளவென்றும், கருவுற்ற காலத்து அவை பெருகுமென்றும் அறியப்பட்டுள்ளது. அவ்வடக்கியாளும் அணுக்களைக் கண்டு விளக்கியமைக்காகவே 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசு மூவர்க்கு வழங்கப்பட்டது. சிசுவின்பொருட்டுத் தாயின் படை இவ்வாறு அமைதியுறுங்கால், அப்படையால் விளையும் நோயும் உடன் அமைதியுறுகின்றது. ஆகவே ஈரலழற்சியுடையாள் பலர்க்குக் கருவுற்ற நடு மாதங்களும் பின் மாதங்களும் நோயடங்கிய நற்காலமாகக் கழிகின்றன. மகவு பிறந்தவுடன் அவ்வமைதியும் நீங்கிவிடும். இதன் பயனைப் பின்னர்க் கூறுவாம்.

ஈண்டு ஒரு பழங்கதை நினைவிற்கு வருகின்றது. மேயோ மருத்துவமனையைச் சார்ந்த ஹென்ச் என்பார் 1929-இல் மூட்டுவாத நோயாளி ஒருவர்க்குக் காமாலை காண, அவ்வாதம் தணிந்ததைக் கண்டார். பின்னர்க் கருவுற்ற மகளிர்க்கும் அவ்வாறே வாதம் தணிவதை நோக்கினார். இவ்விரு நிலையிலும் உடம்பு தானே ஒரு மருந்தைச் சுரக்கின்றது போலும் என்று ஊகித்துப் பல்லாண்டு தேடினார். அத்தேட்டமே 1948-இல் கார்ட்டிசோன் என்னும் மருந்தை நோயாளிக்கு இட்டுப் பார்த்தலிற் சென்று முடிந்தது. 1950-இல் அவரும், வேதியல் வல்லார் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். அவர் ஊகம் முழுதும் மெய்யென்று இன்று எவருங் கொள்ளார். ஆயினும் பிரெட்னிசோலோன் அக்கார்ட்டிசோனின் வழித்தோன்றலே. காமாலையையும் கருவுற்றாரையும் நோக்கிய ஒருவர் கண்ணினின்று பிறந்த மருந்து, காமாலை நோயுடைய கருவுற்றாளுக்கே இன்று உயிர்த்துணையாய் நிற்பது இனியதொரு பொருத்தமாம்.

இனி, மகப்பேற்றை விரும்புவாள் முதற்கண் செய்யற்பாலது யாதெனின், காலம் பார்த்தல். ஈரலழற்சி முற்றும் அடங்கி ஓராண்டேனும் கழிந்தபின்னரே கருவுறுதல் நலம் என்பது வல்லுநர் துணிபு. இலண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையார் 53 பெண்களின் 81 கருப்பங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். மூன்றிலொரு பங்கினர்க்கு நோய் மீளக் கிளர்ந்தது. அவ்வாறு கிளர்ந்தது யாரிடத்து மிகுதியென நோக்கியபோது, கருவுறுதற்கு முன்னைய ஓராண்டிற்குள் நோய் கிளர்ந்திருந்தாரும், மருந்து யாதும் உட்கொள்ளாதாருமே எனத் தெரியவந்தது. மருந்துண்ணாமை காப்பாகாது, அதுவே கேட்டிற்கு வாயில் என்பது இதனாற் பெறப்படும்.

இதனை வற்புறுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. கருவுற்றாள் மருந்துண்டல் ஆகாது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியது. அதன்கண் நன்மையும் உண்டு. ஆயினும் எல்லார்க்கும் அது பொருந்தாது. யான் அறிந்த குடும்பத்துப் பெண்ணொருத்தி மூன்றாண்டு மருந்துண்டு நோயடங்கியிருந்தாள். கருவுற்ற செய்தி கேட்டதும், வீட்டாரனைவரும் மகிழ்ந்து, பிள்ளைக்கு ஆகாதென்று மாத்திரைகளை எறிந்துவிட்டனர். அவளும் மருத்துவரைக் கேளாது இசைந்தாள். நான்காம் மாதத்திற் கண் மஞ்சளித்தது. வாந்தி மசக்கையென்று சின்னாள் கழித்தனர். பின்னரே மருத்துவமனை சேர்ந்தனர். முன்னர் உண்டதினும் பன்மடங்கு மிகுதியாக மருந்தைப் பெய்யவேண்டியதாயிற்று. பிள்ளை முப்பத்துநான்காம் வாரத்திற் பிறந்தது. இருவரும் பிழைத்தனர், அது பேறே. பிள்ளையைக் காக்க எறிந்த மாத்திரையே பிள்ளையைக் காத்து நின்றது என்பதை அவர்கள் பின்னர் உணர்ந்தனர்.

மருந்துகளின் தன்மையையும் சிறிது அறிதல் வேண்டும். தாய் உண்ட பிரெட்னிசோலோன் நச்சுக்கொடியை அடையுங்கால், ஆண்டுள்ள நொதியொன்று அதன் பெரும்பகுதியைச் செயலறச் செய்கின்றது. பத்திலொரு பங்களவே சிசுவைச் சேரும். தாய்க்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அதனால் தோன்றக்கூடுமாதலின் அவற்றை அடிக்கடி சோதித்தறிதல் வேண்டும். அசத்தையோப்ரினை ஆக்கிய ஜெர்ட்ரூட் எலியன் என்னும் மாதரசியாரும் அவருடன் உழைத்த ஹிட்சிங்ஸ் என்பாரும் 1988-இல் நோபெல் பரிசு பெற்றனர். பெரிய அளவில் விலங்குகளுக்குக் கொடுத்தபோது கருவிற்கு ஊறு விளைந்தமையால் இம்மருந்து முதலில் ஐயுறப்பட்டது. சிறுநீரகம் மாற்றப்பெற்றவரும் குடலழற்சியுடையவருமாகிய மகளிர் பல்லாண்டு இதனை உண்டு மக்களைப் பெற்று வந்தமையால் அவ்வையம் பெரிதும் நீங்கியது. ஆகவே இவ்விரு மருந்துகளையும் நிறுத்தாது தொடர்தலே இன்றைய முறை. ஆனால் மைக்கோபினோலேட் என்பது வேறு. அது கருச்சிதைவையும், சிசுவின் செவி, உதடு முதலிய உறுப்புக்களிற் குறையையும் விளைப்பது உறுதி. அதனை உண்பாள் கருவுறுதற்குக் குறைந்தது 6 வாரம் முன்னரே நிறுத்தி, மாற்று மருந்தால் நோய் அடங்கியே நிற்கின்றதா என மேலுஞ் சில மாதம் நோக்கிய பின்னரே மகப்பேற்றை எண்ணல் வேண்டும். ‘ஈரல் மருந்து’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதனால் விளையும் தீங்கு இதனால் விளங்கும். தன் மாத்திரையின் பெயரை ஒவ்வொருத்தியும் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

பித்தக்குழலழற்சியுடையாளுக்குக் கருவுற்றபோது உடலரிப்பு மிகுந்து உறக்கங் கெடும். கரடியின் பித்தநீரினின்று பெயர்பெற்ற, இன்று செயற்கையாய் ஆக்கப்படும் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் அதற்கு ஏற்றது. கருவுற்ற காலத்தும் தொடரத்தக்கது. பித்தவமிலங்கள் குருதியில் மிகப் பெருகின் சிசுவிற்கு இடர் உண்டாதலின் அவற்றையும் அளந்தறிவர்.

இரத்தப் பரிசோதனையில் ஒரு நுட்பம் உண்டு. நச்சுக்கொடி தானே ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியைச் சுரப்பதால், நோயற்ற கர்ப்பிணிக்கும் அதன் அளவு ஏறும். குருதியின் நீர்மை மிகுவதால் ஆல்புமின் குறையும். உள்ளங்கை சிவத்தலும், மார்பிற் சிலந்திவலை போன்ற நுண்ணிய நரம்புகள் தோன்றலும் ஈரல்நோய்க் குறிகளேயாயினும் நற்சூலியரிடத்தும் காண்பன. ஆனால் பிலிருபினும், ஈரலணு சிதைவதைக் காட்டும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் நொதிகளும் கருவுறுதலால் ஏறுவனவல்ல. அவை ஏறின் காரணந் தேடியே தீரவேண்டும். பழைய நோயே கிளர்ந்ததென்று விரைந்து துணிதலும் தவறு. நம் நாட்டிற் கெட்ட நீரால் பரவும் ஹெபடைடிஸ்-ஈ என்னும் காமாலை கருவுற்றாரிடத்துப் பிறரினுங் கொடியது. பின்மாதங்களிற் கொதிப்போடு கூடித் தோன்றும் ஈரற்கேடுகளும் உள. அவற்றிற்குச் சிகிச்சை வேறு. சிலவற்றிற்குப் பிரசவிக்கச் செய்தலே சிகிச்சை. இன்னொரு சோதனையும் கருவுற்ற தொடக்கத்திலேயே செய்தல் நன்று. இந்நோயுடையார் சிலர் குருதியில் ‘ரோ’ என்னும் எதிர்ப்பொருள் உண்டு. அது சிசுவைச் சென்றடைந்து, நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகட்கு நெஞ்சத் துடிப்பின் ஓட்டத்தைத் தடைசெய்யும்.

ஈரல் சுருங்கி இறுகியவள் கருவுற்றாளாயின் அச்சம் மிகுதி. இறுகிய ஈரலினூடு குருதி செல்லமாட்டாமல் பின்னே தேங்கி, உணவுக்குழாயின் அடியிலுள்ள சிரைகளை வீங்கச் செய்யும். கருவுற்றாளின் குருதி ஏறத்தாழ இரண்டிலொரு பங்கு பெருகுவது. வளருங் கருப்பையும் பெருஞ்சிரையை அழுத்துவது. எனவே அச்சிரைகள் வெடித்துக் குருதி கக்கும் இடர் நடு மாதங்களிலும் பிரசவ வேளையிலும் மிகும். ஆதலின் கருவுறுதற்கு முன்னரோ, நான்காம் ஐந்தாம் மாதத்திலோ, எண்டாஸ்கோப் என்னும் குழலை விழுங்கச் செய்து சிரைகளைக் கண்டு, பெரியனவாயின் ரப்பர் வளையமிட்டு இறுக்குவர். புரோப்ரனோலால் போன்ற மருந்தும் கொடுப்பர். சுருங்கிய ஈரலுடையாள் எல்லார்க்கும் வயிற்றைக் கீறியே பிள்ளையை எடுத்தல் வேண்டுமென்பது தவறு. ஆயினும் நெடுநேரம் முக்கவிடாது, கருவிகொண்டு விரைந்து மகவை வாங்குதல் முறை. நெடுநாட் பிரெட்னிசோலோன் உண்டாளுக்குப் பிரசவ வேளையில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி வேண்டப்படும். ஏனெனில் அவள் உடம்பு தானே அதனைச் சுரக்கும் பழக்கத்தை மறந்திருக்கும். இத்துணையும் சிற்றூர்ப் பிரசவ விடுதியில் இயலா. ஈரல் வல்லாரும், மகப்பேற்று வல்லாரும், இரத்த வங்கியும், பச்சிளங்குழவிகளைப் பேணும் அறையும் ஒருங்குள்ள பெருமருத்துவமனையை முன்னதாகவே தேர்ந்து கொள்ளல் வேண்டும்.

இனி, பிறர் அதிகம் பேசாததும், யான் எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதுவதுமாகிய ஒன்றைக் கூறுவேன். பிள்ளை பிறந்தது, தாயும் சேயும் நலம், எல்லார் மனமும் அமைந்தது. அந்நேரமே நோய் விழிக்கும் நேரம். சிசுவின்பொருட்டு அமைதியுற்ற படை மீண்டும் ஆயுதமெடுக்கும். பிரசவித்தபின் முதன் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே நோய் பெரிதும் கிளர்கின்றது. நம் நாட்டு வழக்கை இதனோடு பொருத்திப் பாருங்கள். தலைச்சன் பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வாள். அவளை நெடுநாள் நோக்கிய மருத்துவரோ கணவன் ஊரில் இருப்பார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்லநாள் பார்த்துப் பெண்ணையும் பிள்ளையையும் மீள அழைத்துச் செல்வர். இவ்விடைக்காலத்தில் அவள் குருதியைச் சோதிப்பார் யார்? தாய்வீட்டார் கணவன் வீட்டாருடைய மருத்துவர் பொறுப்பென்றிருப்பர். கணவன் வீட்டார் அவள் தாய்வீட்டிலன்றோ உள்ளாள் என்றிருப்பர். சோர்வும், பசியின்மையும், உறக்கமின்மையும் பிள்ளை பெற்றாளுக்கு இயல்பென்று எல்லாரும் கொள்வராகலின், நோயின் முதற்குறிகள் கண்ணிற்படா. தாய்வீடு செல்லும் வழக்கத்தை யான் குறை கூறவில்லை. அஃது இளந்தாய்க்கு அளிக்கும் ஓய்வும் அன்பும் வேறெங்கும் கிடையா. பெட்டியிற் சேலையும் வளையலும் வைக்குங்கால் மருத்துவர் தந்த குறிப்பேட்டையும், மாத்திரைகளையும், சோதிக்க வேண்டிய நாட்களின் பட்டியையும் உடன் வைத்தல் வேண்டும் என்பதே யான் கூறுவது. வள்ளுவனார் மருந்தென்னும் அதிகாரத்து இறுதியில் மருத்துவத்தின் கூறுகளை எண்ணுங்கால், நோயாளியோடும் மருத்துவனோடும் மருந்தோடும் உடனிருந்து பேணுவாரையும் ஒரு கூறாகவே வைத்தார். இந்நோயில் அந்நான்காங் கூறே பெரிதும் தவறுகின்றது.

தாய்வீட்டில் இன்னொரு இடரும் உண்டு. காமாலையென்றவுடன் கீழாநெல்லியை அரைத்து மோரிற் கலந்து தருவது நம் மரபு. தொற்றுக் காமாலை பல தாமே தீர்வன. அத்தீர்வின் புகழ் அம்மூலிகைக்குச் சேர்ந்ததுண்டு. சென்னை ஆராய்ச்சியாளர் 1988-இல் ஹெபடைடிஸ்-பி உடையாரிடம் இதனை ஆய்ந்து நற்பயன் கண்டதாக எழுதினர். பின்னர் வேறிடங்களிற் செய்த சோதனைகள் அதனை உறுதி செய்யவில்லை. தன்னெதிர்ப்பு அழற்சியைக் கீழாநெல்லி அடக்குமென்பதற்குச் சான்று இல்லை. சீந்திற்கொடியின் செய்தி இதனினும் கவலைக்குரியது. பெருந்தொற்றுக் காலத்தில் நோயெதிர்ப்பு வலுக்குமென்று பலர் அதனை உண்டனர். அவருட் சிலர்க்குத் தன்னெதிர்ப்பு அழற்சி போன்ற ஈரற்கேடு விளைந்ததென 2021-இல் மும்பை மருத்துவர் எழுதினர். ஆயுஷ் அமைச்சகத்தார் அதனை மறுத்துரைத்தனர். அவ்வழக்கு எவ்வாறாயினும், எதிர்ப்புப் படை மிகுந்தே நோயுற்றவளுக்கு அப்படையை மேலும் தூண்டும் பொருளைத் தருதல் முறையாகாது என்பது எளிதிற் புலனாம்.

தாய்ப்பாலைப் பற்றிப் பலரும் வினவுவர். பிரெட்னிசோலோனும் அசத்தையோப்ரினும் உண்பாள் தன் மகவிற்குப் பாலூட்டலாம். பாலிற் சேரும் மருந்து மிகச் சிறிதே; அதுவும் மாத்திரையுண்ட முதல் நான்கு மணி நேரத்திலேயே பெரும்பாலும் வெளிப்படும். ஐயமுடையாள் இரவில் பாலூட்டி மகவை உறங்கச் செய்தபின் மாத்திரையை உட்கொள்ளுதல் போதுமானது. மைக்கோபினோலேட் உண்பாள் மட்டும் ஊட்டலாகாது. அடுத்த மகவிற்குரிய இடைவெளியையும் இக்காலத்தே மருத்துவரோடு பேசிக்கொள்ளல் வேண்டும். ஈரற் சுருக்கமோ பித்தத் தேக்கமோ உடையாளுக்கு ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரைகள் பொருந்தாவாதலின் காப்பர்-டி போன்றவற்றையே பரிந்துரைப்பர். மகவிற்குத் தடுப்பூசியிடச் செல்லும் ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களிலேயே தாயும் தன் குருதியைச் சோதிக்கக் கொடுத்துவிடுவாளாயின் தனியே நாள் தேட வேண்டுவதில்லை. ஆறு மாதம் நிறையும் வரை அதன்பின்னும் மாதந்தோறும் அவ்வாறு செய்து வருதல் வேண்டும்.